மூடியைச் சாத்தினால் தூங்கும் பிள்ளைகள்

திருப்பூருக்கு வடக்கே, சாயப்பட்டறைத் தண்ணீரால் ஒரு நாள் மஞ்சளாகவும் மறுநாள் ஊதாவாகவும் ஓடுகிற பள்ளத்தை ஒட்டி, சாமியப்பா காம்பவுண்டு என்கிற லைன் வீடுகளில், ஒரு மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் பிள்ளைகளெல்லாம் தூங்கிவிடுவதும், மடிக்கணினி எழுந்தால் பிள்ளைகளும் எழுந்துவிடுவதும் வழக்கமாகி, மழைக்குக் குடை பிடிப்பதை யாரும் அதிசயம் என்று சொல்லாதது போல இதையும் யாரும் அதிசயம் என்று சொல்லாமல் இருந்த காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், குணவதியின் பையன் எழுந்திருக்கவில்லை.

அவன் பெயர் ருத்விக். ஜோசியர் எழுத்துக் கொடுத்து வைத்த பெயர். காம்பவுண்டில் யார் நாக்கிலும் அது நிற்காததால் எல்லோருக்கும் அவன் உருண்டை. உருண்டை மட்டுமல்ல, எஸ்தரின் இரட்டைப் பெண்பிள்ளைகளும், மற்ற வீட்டுப் பிள்ளைகளும், பத்துப் பதினோரு பேரும் பாயில் போட்டது போட்டபடி கிடந்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் துளசிமணி அக்கா மூடியைத் திறந்தாள், சாத்தினாள், மறுபடி திறந்தாள். பொத்தானை அமுக்கினாள். மவுஸை ஆட்டினாள். மடிக்கணினியின் ஓரத்தில் இருந்த சின்ன வெள்ளை விளக்கு மட்டும் மூச்சு விடுவது போல மெல்ல ஏறி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் வயிறும் அதே கணக்கில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏ அம்மிணி, இது வேற மாதிரி இருக்குது" என்றாள் அக்கா. தெருமுனை வரைக்கும் கேட்கிற குரல் அவளுடையது. அன்றைக்கு அது பக்கத்தில் நின்ற குணவதிக்கே சரியாகக் கேட்கவில்லை. குணவதி பையனைத் தூக்கி உலுக்கிப் பார்த்தாள்.

அந்தக் காப்பகம் பனியன் கம்பெனிக்குப் போகிற அம்மாக்கள் சேர்ந்து, காம்பவுண்டின் கடைசி அறையைப் பிடித்து, தாங்களே நடத்தியது. மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தவன் பாசித். செல்போன் கடையில் வேலை பார்ப்பவன்; ஞாயிற்றுக்கிழமையானால் தன்னைப் போன்ற நாலைந்து பேரோடு சேர்ந்து, கம்பெனிகள் தூக்கி எறிந்த பழைய கணினிகளைத் துடைத்து, தும்பை என்கிற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, பள்ளிக்கூடங்களுக்கும் காப்பகங்களுக்கும் சும்மாவே கொடுப்பவன். பிள்ளைகளுக்குப் பாட்டுப் போடவும் படம் காட்டவும் ஆகும் என்று கொண்டுவந்தவன், தும்பையை யாரும் விலைக்கு விற்பதில்லை, உள்ளே எழுதியிருப்பதை யாரும் திறந்து பார்க்கலாம், பிடிக்காததைத் திருத்தலாம், திருத்தியதை எல்லோருக்கும் திருப்பிக் கொடுக்கலாம் என்று நெடுநேரம் விளக்கினான்.

"இட்டிலி மாவுன்னு சொல்லு தம்பி" என்றாள் துளசிமணி அக்கா. "அவிய அவிய வீட்டுக்குத் தக்கன உப்புப் போட்டுக்கறது."

"அதேதானுங்க்கா."

மடிக்கணினி வந்த புதிதில் ஒரு மத்தியானம் பாட்டு முடிந்ததும் அக்கா மூடியைச் சாத்தினாள். அழுதுகொண்டிருந்த பிள்ளை அழுகையின் நடுவிலும், பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை மடக்கின் நடுவிலும், தவழ்ந்துகொண்டிருந்த உருண்டை ஒரு கையைத் தூக்கியது தூக்கியபடியும் தூங்கிப்போனார்கள். மறுபடி திறந்தாள். அழுதது அழுகையைத் தொடர்ந்தது. தூக்கிய கை தரையில் ஊன்றியது. அக்கா வாசலுக்கு வந்து, "எல்லாரும் தூங்குதுங்க, நான் போயி ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேட்க நேரம் ஏது? கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிற எஸ்தருக்கு, ஒரு பிள்ளை தூங்கினால் மற்றது எழும், மற்றது தூங்கினால் இது எழும் என்று கண்ணில் கருவளையம் விழுந்திருந்தது. இப்போது இரண்டும் ஒரே மூச்சில் தூங்கின. தைத்த பனியனில் பிசுறு நூல் வெட்டுகிற குணவதி, இடைவேளையில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு ஓடுகிறவள், இனி ஓட வேண்டியதில்லை என்றானது. மூடி சாத்தியிருக்கிற வரைக்கும் பிள்ளைகளுக்குப் பசிப்பதில்லை, நனைப்பதில்லை, ஈ உட்கார்ந்தாலும் தெரிவதில்லை. பக்கத்துக் காம்பவுண்டிலிருந்து ஒருத்தி பிள்ளையைத் தூக்கிவந்து, "உங்க மிஷின்ல எம்பிள்ளையவும் சேத்துக்கங்" என்று கேட்டாள். சேர்த்துக்கொண்டார்கள். பாயில் படுக்க வைத்து ஒரு தடவை மூடியைச் சாத்தித் திறந்தால் சேர்ந்துவிடும்.

அதற்குப் பிறகு குறைகள் வரத் தொடங்கின.

முதல் குறை பல்லி. மூடி கொஞ்சம் நெகிழ்ந்து நின்ற ஒரு மத்தியானம் பல்லி உள்ளே நுழைந்து எழுத்துப் பலகையில் ஓட, பிள்ளைகளெல்லாம் வீறிட்டு எழுந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பாசித் வந்தபோது அக்கா பிராது வைத்தாள். அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து விளக்கினான்: "தூங்குற மிஷினை எழுப்பறதுக்கு நெறையக் கதவு இருக்குங்க்கா. கீபோர்டு ஒரு கதவு, மவுஸ் ஒரு கதவு, மூடி ஒரு கதவு, பொத்தான் ஒரு கதவு, சார்ஜர் ஒயர் ஒரு கதவு, உள்ள இருக்கற அலாரம் ஒரு கதவு. எது வேண்டாமோ அதை நாம சாத்திக்கலாம்." கறுப்புத் திரையில் ஏதோ ஒரு வரி தட்டினான். எழுத்துப் பலகையின் கதவு சாத்தப்பட்டது. அதன் மேல் பல்லி குடும்பம் நடத்தினாலும் பிள்ளைகள் தூங்கினார்கள்.

அடுத்தது மவுஸ். துணி மூட்டை லாரி போனால் மேசை அதிர்ந்து மவுஸ் நகர்ந்தது, சாத்தினான். அடுத்தது மின்சாரம். போய் வரும்போதெல்லாம் சார்ஜர் எழுப்பிவிட்டது, சாத்தினான். பார்க்க வருகிறவர்கள் ஆசைக்கு மூடியைத் திறந்து பார்த்தார்கள். மூடி சாத்துவது தூங்க வைக்க மட்டும் என்றும், எழுப்புவது பொத்தானும் அலாரமும் என்றும் ஆனது. காம்பவுண்டு ஓனரம்மா வாடகைக்கு வந்த இடத்தில் "இதென்ன சிமிட்டுது" என்று பொத்தானை அமுக்கினாள். ஆடி மாதம் பொத்தானையும் சாத்தினான். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு திருத்தம். ஒவ்வொன்றும் நல்ல திருத்தம். ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருத்தி, "நல்லா இருப்பே தம்பி" என்று டம்ளரில் டீ கொடுத்தாள்.

குணவதிக்கு மட்டும் ஒன்று தெரிந்திருந்தது. மின்சாரம் போய் நெடுநேரம் வராத நாள்களில், எழுந்ததும் உருண்டை பால் குடிக்கிற விதமே வேறு. மற்ற நாளில் விளையாட்டுக்குக் குடிப்பவன் அன்றைக்கு ஈறால் கவ்வி, விட மாட்டான். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஒயரில் வருவது நின்றால் மிஷினுக்குப் பசிக்கிறது, மிஷினுக்குப் பசித்தால் பிள்ளைக்கும் பசிக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அதை யாரிடம் சொல்வது? ஆறாவதோடு நின்றவள். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறந்தால் காது சூடாகிவிடுகிறவள். அதிலும் பால் கொடுக்கிற சமாச்சாரம். எதிரே உட்கார்ந்திருப்பதோ கல்யாணமாகாத பையன். அவள் சொல்லவில்லை.

ஐப்பசியில் கிறிஸ்துமஸ் ஆர்டர் வந்தது. கம்பெனியில் ஒரு நாள் ஆறு மணிக்கு விட்டார்கள், ஒரு நாள் எட்டு, ஒரு நாள் இன்னும் பிந்தி. அலாரம் மட்டும் ஐந்தரைக்கே எழுப்பியது. பிள்ளைகள் எழுந்து, அம்மாக்கள் இல்லாமல், துளசிமணி அக்காவைக் குதறி எடுத்தார்கள்.

"அந்த அலாரத்தைத் தூக்கிப் போடு தம்பி" என்றாள் அக்கா, ஞாயிறு வரைக்கும் பொறுக்காமல் வியாழக்கிழமை ராத்திரியே பாசித்தை வரவழைத்து. "தாய்மாருங்க வந்ததும் நாங்களே எழுப்பிக்கறோம்."

பாசித் அந்த மாதம் இருபது முப்பது கணினிகளைப் பார்த்திருந்தான். எதில் எந்தக் கதவைச் சாத்தினோம் என்பது எல்லாம் ஒன்றாய்க் கலந்துபோயிருந்தது. வரியைத் தட்டினான். "வேற யாராச்சும் ஏதாச்சும் சொல்லணுமாங்க்கா?" என்று நிமிர்ந்து பார்த்தான்.

குணவதியின் தொண்டை வரைக்கும் ஒரு கேள்வி வந்தது. எல்லாக் கதவையும் சாத்திட்டா எது வழியாங்க வர்றது? வந்து, நின்று, காது சூடாகி, அவள் குனிந்து பையனின் துணியை மடிக்கத் தொடங்கினாள்.

சாத்தி முடித்த பிறகு வந்த முதல் தூக்கமே அந்த வெள்ளிக்கிழமைத் தூக்கம்.

பாசித் கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்தான். மடிக்கணினியைத் தொட்டுப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், பிறகு தான் செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாக விரல் மடக்கினான். கடைசி விரலை மடக்கியதும் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"பொத்தானை விடாம அமுக்கிப் பிடிச்சா ஒரு வழி இருக்குங்க்கா. மிஷின் செத்துப் பொழைக்கும். தூக்கத்துல அது ஞாபகம் வச்சிருந்ததெல்லாம் போயிரும், ஆனா பொழைக்கும்."

பொழைக்கும் என்றது யார் காதிலும் விழவில்லை. செத்து என்றது விழுந்தது. எஸ்தர் எழுந்து மேசைக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள். "பொத்தானுல கைய வச்சிப் பாரு. கைய முறிச்சி அடுப்புல வச்சிருவேன்."

"நான் வைக்கலீங்க்கா."

"வைக்கப்பிடாது."

அதன் பிறகு காம்பவுண்டு அந்தத் தூக்கத்தையும் பழகிக்கொண்டது. எதையும் பழகிக்கொள்கிற காம்பவுண்டு அது. சார்ஜர் ஒயர் கழன்றால் பிள்ளைகளுக்கு என்ன ஆகுமோ என்று, ஒயருக்குக் காவல் போட்டார்கள். பிளக்கின் மேல் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். லைன் டிரிப் ஆகி மின்சாரம் நின்றுவிடக் கூடாதென்று பதினாறு வீட்டிலும் மிக்ஸியை நிறுத்தி அம்மிக்கு வந்தார்கள். மாரியம்மன் நோம்பிக்கு மைக்செட் போடுகிறவன் தன் பேட்டரியும் இன்வெர்டரும் கொண்டுவந்து மாட்டி, "பிள்ளைங்க எழுந்திரிச்சா எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஆரம்பச் சுகாதார நிலையத்து நர்சம்மா வந்து ஒவ்வொரு பிள்ளையாக நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, "எல்லாம் நல்லா இருக்குதுங்க, தூங்குதுங்க. எழுப்பிப் பால் குடுங்க" என்று எழுதிக் கொடுத்தாள். டாக்டரும் அதையேதான் சொன்னார். கம்பெனி சூப்பர்வைசர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றி, குனிந்து உள்ளே பார்த்து, "பிள்ளைங்க தூங்குறது நல்லதுதானுங்களே, வந்து தெச்சுக் குடுத்துட்டுப் போலாமே" என்றான். துளசிமணி அக்கா அவன் செருப்பை எடுத்துப் பள்ளத்தில் வீசினாள். அது ஊதா நிறத்தில் மிதந்து போனது.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். அதுதான் கொடுமை. நகம் வளர்ந்தது, முடி வளர்ந்தது, எஸ்தரின் இரட்டைகளுக்குக் கால்கொலுசு இறுகியது. ஒரு நாள் காலையில் குணவதி பையனின் வாயைத் துணியால் துடைக்கும்போது விரலில் ஏதோ இடறியது. கீழ் ஈறில், அரிசி முனை போல, முதல் பல். முதல் பல் முளைத்த பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை கொட்டுவார்கள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பொறுக்கித் தின்னும். இவன் தூக்கத்திலேயே பல் முளைத்துக்கொண்டான். அவள் புருஷன் லோகு சாயப்பட்டறையிலிருந்து நீலக் கைகளோடு வந்து அந்தப் பல்லைப் பார்த்தான். தொட்டால் நீலம் ஒட்டிவிடும் என்று தொடாமல், வாசலில் போய் நின்றுகொண்டான். குணவதிக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது. பீய்ச்சிப் பீய்ச்சி அரளிச் செடிக்கு ஊற்றினாள். ஊற்றும்போதெல்லாம் அந்தக் கேள்வியை, கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, செடியிடம் கேட்டாள்.

பாசித் வேலையை விட்டுவிட்டுக் காப்பகத்திலேயே உட்கார்ந்திருந்தான். அதே வகை மடிக்கணினி இன்னொன்றைத் தேடிக் கொண்டுவந்தான். அதன் பேட்டரி உப்பிப்போய்க் கழற்றப்பட்டிருந்தது; ஒயரில் மட்டும் ஓடியது. அதில் தும்பையை ஏற்றி, இதில் சாத்திய கதவுகளையெல்லாம் அதிலும் சாத்தி, தூங்க வைத்து, எழுப்பப் பார்த்தான். தும்பையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். அவர்களுக்கு எழுதிக் கேட்டான். அவர்கள் தங்கள் தங்கள் ஊரின் பகலிலிருந்து பதில் எழுதினார்கள். இதைச் செய்து பார், அதைப் பிடுங்கி மாட்டிப் பார், இந்த வரியைப் படித்துப் பார். ஒவ்வொன்றையும் அந்த இரண்டாவது மடிக்கணினியில் செய்து பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் அது செத்தது, பிழைத்தது, தூக்கத்திலிருந்து மட்டும் எழுந்திருக்கவில்லை. அது சாகிற சின்ன டிக் சத்தம் கேட்கும்போதெல்லாம் அறையில் இருந்த பெண்கள் தங்கள் பிள்ளையின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார்கள்.

பிறகு ஒரு காலை, வெயில் வாசலில் ஏறிய நேரத்தில், அவன் திரையை விட்டுத் தலையை எடுக்காமலே சொன்னான்.

"ஒரு கதவு இருக்குதுங்க்கா. நான் சாத்தாத கதவு. எனக்கே தெரியாத கதவு."

எல்லோரும் அவனைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பனி பெய்யிற தேசத்துல ஒரு அம்மா, ரொம்ப வருசத்துக்கு முன்னால எழுதிச் சேத்திருக்காங்க. தூங்குற மிஷினோட பேட்டரி அடிமட்டத்துக்குப் போச்சுன்னா, வேற எதுக்கும் எழலைன்னாலும் அதுக்கு மட்டும் எழுந்திரிக்கணும்னு. அவங்க கிட்டயே கேட்டேன். அப்படி எழுதினது நெசந்தான்னு சொன்னாங்க. ஆனா எல்லா மிஷினும் அந்தப் பேச்சைக் கேக்காதாம். சிலது கேக்கும், சிலது..." நிறுத்தினான். "நம்முது கேக்குமான்னு அந்த இன்னொரு மிஷின்ல பாக்கலாம்னா, அதுக்குப் பேட்டரி இல்லீங்க்கா. வேற பேட்டரியும் எங்கியும் கெடைக்கல."

"என்ன சொல்ல வர்றே, தெளியச் சொல்லு" என்றாள் துளசிமணி அக்கா.

"சார்ஜரைப் புடுங்கணும். இன்வெர்டரை எடுக்கணும். பட்டினி போடணும்."

அறையில் ஒரு ஓசை எழுந்தது. அழுகையுமில்லை, பேச்சுமில்லை. எஸ்தர் போய் பிளக் இருந்த சுவரில் முதுகைச் சாய்த்து, கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"நான் எந்திரிக்க மாட்டேன். சிலது கேக்குமாம், சிலது கேக்காதாம். கேக்காட்டி என்னல செய்வே? எனக்கு ரெண்டு உசுரு கிடக்கு அங்ஙன."

பாசித் மறுபடி திரைப்பக்கம் திரும்பிக்கொண்டான். மற்ற அம்மாக்கள் தரையைப் பார்த்தார்கள். இப்படியே இருந்தால் பிள்ளைகள் மூச்சாவது விடுகிறார்கள். மூச்சு விடுகிற பிள்ளைக்கு எந்தத் தாய் பட்டினி போடுவாள்? இப்படியே நகம் வெட்டி, முடி இறக்கி, காது குத்தி, தூக்கத்திலேயே வளர்த்துவிடலாம் என்று கூட ஒருத்தி மெல்லச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அதுவும் முடியும் என்றுதான் அந்தக் காம்பவுண்டுக்குத் தோன்றியது. அதைப் பார்த்துத்தான் குணவதிக்குப் பயம் வந்தது: இவர்கள் இதையும் பழகிவிடுவார்கள். நானும் பழகிவிடுவேன்.

அவள் எஸ்தரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். காது சூடானது. பாசித் எதிரேதான் இருந்தான்.

"அக்கா, கரண்டு போன நாள்ல உங்க பிள்ளைங்க எப்படிக் குடிக்கும்?"

"என்னட்டி?"

"பால். கரண்டு போயி மணிக்கணக்கா வராத நாள்ல. எம்பையன் கவ்விருவான். ஈறுலயே கடிப்பான். மத்த நாள்ல அப்படியில்லீங்."

பாசித் அவசரமாகக் கூரையைப் பார்த்தான். எஸ்தர் அவளை முறைத்துப் பார்த்தாள். பிறகு அந்த முறைப்பு கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றாக மாறியது.

"கடிக்கும்" என்றாள். "ஆமா. ரெண்டும் கடிக்கும். புண்ணாக்கிப் போடும். நான் வெயிலுன்னு நெனச்சேன்."

"எம்பிள்ளையுந்தானுங்க" என்றாள் பக்கத்துக் காம்பவுண்டுக்காரி, பின்னாலிருந்து.

"அப்போ பசி உள்ள போகுதுங்க்கா" என்றாள் குணவதி. "நாம மிஷினுக்கு ஊட்ட ஊட்ட இதுங்களுக்குப் பசிக்கறதில்ல. பசிக்காத பிள்ளையை எப்படிங்க எழுப்பறது? சத்தத்துக்கு எம்பையன் எப்பவும் எழுந்ததில்ல. தாளிச்சாலும் எழமாட்டான், பட்டாசுக்கும் எழமாட்டான். பசிச்சா மட்டுந்தான் எழுவான்." மூச்சு வாங்கியது. வாழ்நாளில் அவள் சேர்ந்தாற்போல் பேசிய பேச்சு அவ்வளவுதான். "கேக்குமா கேக்காதான்னு எனக்குத் தெரியாதுங்க்கா."

எஸ்தர் தன் பிள்ளைகளை ஒரு தரம் பார்த்தாள். பிறகு சுவரில் கை ஊன்றி எழுந்து, எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து முந்தானையில் முடிந்துகொண்டு, "நான் புடுங்க மாட்டேன். நீ புடுங்கு" என்றாள்.

குணவதி பிடுங்கினாள்.

அது பழைய பேட்டரி. ஆனாலும் காலையில் பிடுங்கியது மத்தியானம் வரைக்கும் வற்றிக்கொண்டிருந்தது. அம்மாக்கள் தங்கள் தங்கள் பிள்ளையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மேசையைச் சுற்றி, விளக்கையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளையாக மூச்சு விட்ட விளக்கு ஒரு கட்டத்தில் ஆரஞ்சு நிறமானது. அப்போது பிள்ளைகளின் உதடுகள் அசையத் தொடங்கின. சத்தமில்லாமல், எதையோ சப்புவது போல, எல்லா உதடுகளும் ஒன்றாக. ஒருத்தி தாங்க முடியாமல் பிளக்கை எடுக்கக் கை நீட்டினாள். துளசிமணி அக்கா அந்தக் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள், விடவில்லை. உருண்டையின் வயிறு உள்வாங்கியது. உருண்டையாக இருந்த கன்னம் தளர்ந்தது. நெற்றி சுருங்கி, அழப்போகிற முகமாகி, அழாமல் அப்படியே நின்றது. குணவதியின் மார்பு கல்லாகக் கனத்தது. இரவிக்கைக்குக் கீழே, இதோ, ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, கொடுக்கக் கூடாது. லோகு வாசலில் நின்று நீலக் கையால் நிலையைப் பிடித்திருந்தான். அந்த இடத்தில் ஐந்து விரலும் பதிந்துவிட்டது, இன்றைக்கும் இருக்கிறது.

விளக்கு வேகவேகமாகச் சிமிட்டியது. பிறகு அணைந்தது.

மைக்செட்காரன் "ஐயோ" என்றான். பாசித் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். பிள்ளைகளின் உதடுகள் நின்றுவிட்டன. நெற்றிச் சுருக்கம் இறங்கியது. எஸ்தர் குணவதியைப் பார்த்தாள்; அந்தப் பார்வையை அதற்குப் பிறகு எத்தனையோ நல்லது நடந்தும் குணவதியால் மறக்க முடிந்ததில்லை.

அவள் பையனைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. குனிந்தபடி இருந்தவளுக்கு நெஞ்சில் ஏதோ சுருக்கென்று இறங்கி, இரவிக்கை நனைந்தது. பிள்ளை அழுதால்தான் அப்படிச் சுரக்கும். யாரும் அழவில்லை. ஆனாலும் சுரந்து, நனைந்து, புடவையில் இறங்கிச் சொட்டியது. எதிரே எஸ்தரின் முந்தானையும் நனைவதைப் பார்த்தாள். வரிசையாக ஒவ்வொருத்தியும் குனிந்து தன் மாரைப் பார்த்தாள்.

அப்போதுதான் மேசை மேல், தொண்டையைச் செருமுவது போல, மின்விசிறி சுழன்றது.

பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக வீறிட்டு எழுந்த அந்த அழுகை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டதாகச் சொல்வார்கள். பாசித் அழுதுகொண்டே ஒயரைச் செருகினான். திரையில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்கிற ஒற்றை வரி சிவப்பாக எரிந்தது. குணவதி அவன் எதிரே இருக்கிறான் என்பதைக் கூட நினைக்காமல் இரவிக்கையை அவிழ்த்தாள்.

அதற்குப் பிறகு அந்த மடிக்கணினியின் மூடியை யாரும் சாத்தவில்லை. சாத்திவிடக் கூடாதென்று நடுவில் ஒரு நூல்கண்டுக் கட்டையை வைத்தார்கள். பாசித் வாரக்கணக்கில் உட்கார்ந்து தும்பையில் ஒரு திருத்தம் எழுதினான். யாராவது ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வந்து கடைசிக் கதவுக்குக் கை வைத்தால், மிஷின் சாத்தாமல் நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். என்ன கேள்வி என்று பெண்களிடம் கேட்டான். குணவதி, இந்தத் தடவை குனியாமல், காது சூடாகச் சொன்னாள். அவன் அதை அப்படியே எழுதி உலகத்துக்கு அனுப்பினான். பனி தேசத்து அம்மா அதைப் படித்து, சரிபார்த்து, சேர்த்துக்கொண்டு, இந்தக் கேள்வியை எழுதியது யார், பெயர் போட வேண்டும் என்று கேட்டாள்.

"என்ற பேரெல்லாம் வேண்டாமுங்" என்றாள் குணவதி.

"உருண்டையோட அம்மான்னு போடு" என்றாள் துளசிமணி அக்கா.

இப்போது எந்தெந்த ஊரிலோ, யார் யாரோ, தங்கள் மிஷின் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று கடைசிக் கதவைச் சாத்தப் போகும்போது, எல்லாக் கதவையும் சாத்திட்டா எது வழியா வர்றது என்று அது அவரவர் பாஷையில் கேட்கிறது. சிலர் யோசிக்கிறார்கள். சிலர் எரிச்சலோடு சாத்திவிடுகிறார்கள்.

சாமியப்பா காம்பவுண்டில் பிள்ளைகள் இப்போது எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான், ஒன்று தூங்கினால் ஒன்று எழுகிறது. குணவதி இடைவேளையில் ஓடிவருகிறாள், ஓடுகிறாள். சில மத்தியானங்களில் உருண்டை தானாகவே, யாரும் எதையும் சாத்தாமலே, பாயில் தூங்கிக் கிடப்பான். நல்ல தூக்கம். எழுப்பக் கூடாது என்று அக்கா சைகை காட்டுவாள். குணவதி பக்கத்தில் உட்கார்ந்து வயிறு ஏறி இறங்குவதைப் பார்ப்பாள். ஒரு தரம் பார்ப்பாள், இன்னொரு தரம் பார்ப்பாள். பிறகு பொறுக்காமல் உள்ளங்காலைச் சுரண்டி, மடியில் தூக்கி, மாரில் வைப்பாள். அவன் கண்ணைத் திறக்காமல், கோபத்தோடு, அந்த ஒற்றைப் பல்லால் கடிப்பான்.

வலி உச்சந்தலை வரைக்கும் ஏறும். அது இறங்கியதும் பயம் வரும். அவன் மறுபடி கடிக்கிற வரைக்கும் அவள் மூச்சு விடாமல் காத்திருப்பாள்.